உர மூடையில் இருந்தவரின் முகம்

என்னை எழுதச் சொல்லிக் கேட்ட தம்பிமார், தங்கச்சிமாருக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கோடு இழுப்பது எப்படி, நிழல் போடுவது எப்படி என்று நான் சொல்லித்தரப் போவதில்லை. நீங்கள் டெப் திரையில் வரைகிறீர்கள், பிழைத்தால் ஒரு தட்டில் அழித்துவிடுகிறீர்கள். நான் மையில் வரைந்து, பிழைத்தால் வெள்ளை பூசி, அது காயும்வரை வாயால் ஊதிக்கொண்டிருந்தவள். அந்தக் கதை உங்களுக்கு எதற்கு? இருபத்தெட்டு வருடம் பத்திரிகைக்குக் கேலிச்சித்திரம் வரைந்ததில், எந்த வெள்ளை பூசியும் அழிக்க முடியாமற்போன ஒரு படம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கேலிச்சித்திரக்காரி என்றதும் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: "அரசியல்வாதிகள் மிரட்டவில்லையா?" மிரட்டாமல் விடுவார்களா? ஒருவர் என் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். வந்த தடியர் வாசலில் நின்று என்னைப் பார்த்துவிட்டு, "ஐயோ மிஸ், நீங்களா? எனக்கு எட்டாம் வகுப்பில சித்திரம் படிப்பிச்சீங்களே" என்று தலையைச் சொறிந்தார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். இன்னொருவர் தன் மூக்கை நான் கத்தரிக்காயாக்கிவிட்டதாகத் தொலைபேசியில் அரை மணித்தியாலம் திட்டினார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, அந்த மூலப்படத்தைத் தனக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டார். சட்டம் போட்டு விறாந்தையில் மாட்டியிருக்கிறாராம்.

பெரிய மனிதர்களை வரைவது அப்படித்தான். அவர்களுக்குத் திருப்பிப் பேச மேடை இருக்கிறது. ஆனால் ஒரு படத்தில் பெரியவர் ஒருவர் இருந்தால், சுற்றிலும் பெயரில்லாத நாலு பேராவது இருப்பார்கள். வரிசையில் நிற்பவர், கோப்புத் தூக்குபவர், பஸ்ஸில் தொங்குபவர். அந்த நாலு பேருக்கும் முகம் வேண்டுமே. மனதிலிருந்து வரைந்தால் எல்லாரும் என் சித்தப்பாவைப் போலவே வந்துவிடுவார்கள். அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன்.

என் வீடு களுவாஞ்சிக்குடியில். தங்கச்சி வாவிக்கு அந்தப் பக்கம், மேற்குக் கரையில் கலியாணம் முடித்து இருக்கிறாள். வாரம் ஒருமுறை குருமண்வெளித் துறைக்குப் போய், ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற அந்தத் தட்டையான மிதவையில் ஏறுவேன். எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் பாதை. அதில் ஏறினவருக்கு அக்கரை சேரும்வரை செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. தண்ணீரைப் பார்த்தபடி அசையாமல் இருப்பார்கள். நான் ஓர் ஓரத்தில், தடித்த மட்டை போட்ட என் சீ.ஆர். கொப்பியை விரித்து அவர்களை வரைந்துகொள்வேன். யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் முகத்தைச் சரிசெய்துகொள்வார்கள், இயல்பு போய்விடும் என்று எனக்கு ஒரு பெரிய தத்துவம் வேறு இருந்தது.

ஒரு போகத்தில் உரத்துக்குக் கடும் தட்டுப்பாடு. மேற்குக் கரை வயல் வட்டைகளில் பயிர் மஞ்சளித்து நின்றது. பின்னேரம் நாலு மணிக்குள் படம் போக வேண்டும், மூன்றேகாலுக்குத்தான் எனக்கு யோசனை வந்தது. உர மூடைகள் மலையாய் அடுக்கியிருக்கின்றன. உச்சியில் ஓர் உத்தியோகத்தர் இருந்துகொண்டு, கோப்பால் விசிறியபடி, கீழே வெறும் சாக்குடன் நிற்கிற விவசாயியிடம் "உரம் வரல்ல" என்கிறார். எல்லாம் வரைந்தாயிற்று. உச்சியில் இருப்பவருக்கு மட்டும் முகம் இல்லை. கொப்பியைப் புரட்டினேன். கண்ணில் பட்ட ஒரு முகத்தைத் தூக்கி அப்படியே வைத்தேன். கீழே வளைந்த தடித்த மீசை, இடது புருவத்தை இரண்டாக வெட்டிப்போகும் ஒரு தழும்பு, ஒரு கண்ணைச் சுருக்கித் தலையைச் சாய்த்துப் பார்க்கிற பார்வை. அருமையான முகம்.

நான் யோசித்திருக்க வேண்டியது ஒன்றுதான். காலை ஏழு மணிப் பாதையில் வெள்ளைச் சேர்ட்டும் தலைக்கவசமுமாய் மேற்குக் கரைக்குப் போகிறவர் யாராக இருப்பார்? அங்கே வேலை செய்கிற ஒருவர். வயல் நாட்டில் வேலை என்றால் நெல்லோடோ உரத்தோடோதான் இருக்கும். இது ஒரு நிமிட யோசனை. அந்த ஒரு நிமிடத்தை நான் செலவழிக்கவில்லை.

மறுநாள் அந்தப் படம் வட்ஸ்அப்பில் பறந்தது. பத்திரிகை ஆசிரியர் என்னைவிடப் பத்து வயது இளையவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார், இலேசில் யாரையும் புகழமாட்டார். அவரே தொலைபேசியில் எடுத்து, "அக்கா, பிரமாதம்" என்றார். அன்று முழுக்க நான் பெருமையில் மிதந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மூன்றாம் நாள் காலை என் வீட்டு வாசல் படலையில் ஒருவர் நின்றார். ஐம்பது வயது மதிக்கலாம். மேலுதட்டில் மட்டும் தோல் வெளுத்துக் கிடந்தது.

"மிஸ்தானே பேப்பருக்குப் படம் கீறுற?"

"ஓம். ஆரு நீங்க? உள்ளுக்கு வாங்க."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆளைத் தெரியவில்லை. கதிரையில் இருந்தார். தலைக்கவசத்தை எடுத்துத் தண்ணீர்க் குடத்தைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் மடியில் பிடித்துக்கொண்டார். தலையைச் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கினார். கொப்பியில் நான் வரைந்துவைத்த அதே பார்வை.

"நான் ஒங்களுக்கு ஏதும் அநியாயம் செஞ்சனா மிஸ்?"

"இல்லையே. உங்கள எனக்குத் தெரியாதே."

"தெரியாம எப்பிடி இந்தத் தழும்பு படத்தில வந்த?"

விரலால் புருவத்தைத் தொட்டுக் காட்டினார். பொய் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தற்செயலாக ஒத்துப்போயிற்று என்று சொன்னால் போதும், அவரால் ஒன்றும் செய்ய முடியாது. ஏன் சொல்லவில்லை என்று எனக்கே தெரியாது. உள்ளே போய்ச் சீ.ஆர். கொப்பியை எடுத்துவந்து, அந்தப் பக்கத்தை விரித்து அவர் மடியில் வைத்தேன். நெடுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் கீறியிரிக்கீங்க" என்றார். "பொஞ்சாதி கண்டா இதக் கேட்டு வாங்கிருவாள்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இது தாங்கமுடியவில்லை.

பிறகு விசயத்தைச் சொன்னார். மேற்குக் கரையில் ஓர் உரக் களஞ்சியத்துக்கு அவர்தான் காப்பாளர். யாரோ அவருடைய புகைப்படத்தையும் என் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வட்டம் போட்டு, ஊர்ப் பெயரையும் எழுதி அனுப்பிவிட்டார்கள்.

"உரம் வரல்ல எண்டு நான் சொன்னது உண்மைதான் மிஸ். உண்மையாவே வரல்ல. களஞ்சியத்தில எலிதான் இரிக்கி. மீசைய எடுத்தா ஆள் தெரியாது எண்டு நினைச்சன். இப்ப, கள்ளன் மீசைய வழிச்சிட்டான் எண்டு கதைக்காங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"அதக்கூட விடுங்க. எங்கட கோயிலுக்கு வண்ணக்கர் வைக்கிற நேரம் இது. இந்தமுறை எங்கட குடிக்கு. என்னைத்தான் வைக்கிற எண்டு போன மாசம் எல்லாரும் கதைச்ச. இப்ப என்னக் கண்டா மத்தப் பக்கம் பாக்காங்க. இன்னும் மூணு கிழமையில கூட்டம்."

மட்டக்களப்புக்கு வெளியே இருந்து வந்தவர்களுக்குச் சொல்கிறேன். வண்ணக்கர் என்றால் கோயிலின் பொறுப்பாளர், கோயில் பூட்டுகளின் திறப்பு அவர் கையில்தான் இருக்கும். தாய்வழி வருகிற ஒரு குடியின் ஆட்கள் ஒன்றுகூடி, தங்களுக்குள் இவன் கைசுத்தமானவன் என்று நம்புகிற ஒருவரை அதில் வைப்பார்கள். கேட்டு வாங்குகிற பதவி இல்லை. நான் மெதடிஸ்ட், ஆனாலும் இந்த ஊரில் பிறந்தவள், அவருக்கு என்ன போய்க்கொண்டிருக்கிறது என்று எனக்கு விளங்கியது.

"அது நான் இல்லெண்டு பேப்பர்ல போடுங்க" என்றார். அவர் முன்னாலேயே ஆசிரியருக்கு எடுத்து, இருவருக்கும் கேட்கும்படி வைத்தேன். ஆசிரியர் எல்லாவற்றையும் கேட்டார்.

"போடலாம் அக்கா. ஆனா என்னெண்டு போடுற? படத்தில இரிக்கிறது இன்ன ஊர் களஞ்சியக் காப்பாளர் இல்ல எண்டு போட்டா, இதுவரைக்கும் கேள்விப்படாத ஆக்களும் கேள்விப்படுவாங்க. பேரில்லாமப் போட்டா, ஆரோ வெருட்டித்தான் மன்னிப்புக் கேட்டம் எண்டுவாங்க."

களஞ்சியக்காரர் மெல்லத் தலையாட்டினார். "அவர் சொல்லுறதும் சரிதான். கிளறினா இன்னும் நாறும்." எழுந்து தலைக்கவசத்தை மாட்டினார். "அப்ப எடுத்த முகம் எடுத்ததுதான், என்ன?"

அவர் போன பிறகு அந்தப் படத்தை எடுத்து மேசையில் வைத்துப் பார்த்தேன். தழும்பும் மீசையும் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த மூடைகளுக்கு மேலே ஏன் ஒரு களஞ்சியக்காரர் இருக்கிறார்? உரம் அனுப்பவேண்டியவர்கள் மேலே இருந்த பெரியவர்கள். அவர்களுடைய முகங்கள் எனக்கு மனப்பாடம். ஆனால் அந்த வாரம் ஏற்கெனவே ஒரு வழக்கறிஞரின் கடிதம் வந்திருந்தது, எனக்கு அலுப்பாக இருந்தது, யாரையும் நோகடிக்காத ஒரு பொது உத்தியோகத்தர் போதும் என்று விட்டுவிட்டேன். பிள்ளைகளே, யாரை அடிக்கிறோம் என்று தெரியாமல் பேனையைத் தூக்காதீர்கள். அது கிட்ட நிற்கிற எளியவர் மேலேதான் விழும். என் மேலேயே எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

கோபத்தில் செய்த முதல் காரியமும் முட்டாள்தனம். அதே களஞ்சியக்காரர் விவசாயிகளுக்குச் சிரித்தபடி உரம் கொடுப்பதாக ஒரு படம் வரைந்து அனுப்பினேன். ஆசிரியர் உடனே எடுத்தார்.

"உரம் வந்திட்டா அக்கா?"

"இல்ல."

"அப்ப இது பொய். ஒரு மனிசனுக்காகக் கீறுற படம் அந்த மனிசனுக்கும் உதவாது. வயல்ல நிக்கிறவன் பாத்தா என்ன நினைப்பான்?"

இந்த வேலையில் எனக்குக் கிடைத்த நல்ல ஏச்சுகளில் அது ஒன்று. கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்தேன். பிறகுதான் அந்தக் கத்தரிக்காய் மூக்குக்காரர் நினைவுக்கு வந்தார். அவருடைய மூக்கை முதன்முதல் வரைந்தபோது ஊரே கொதித்தது. நூறாவது தரம் வரைந்தபோது, அவருடைய கட்சிக்காரர்களே "மிஸ், இண்டைக்கு மூக்கு சின்னதாப் போச்சு" என்றார்கள். ஒரு முகத்தை ஒரு நாள் மட்டும் போட்டால் அது யார் என்று ஆட்கள் தேடுவார்கள். நாள்தோறும் போட்டால் தேடுவதை விட்டுவிடுவார்கள். அந்த முகத்தை நாள்தோறும் எல்லாருக்கும் போட்டால் என்ன?

ஆசிரியரிடம் ஒளிக்காமல் சொன்னேன். "சரி, ஆனா ஒவ்வொரு படமும் அந்தந்த நாளுக்குப் படமா இரிக்கோணும்" என்றார். "முகத்துக்காக ஒண்டக் கீறினீங்க எண்டு தெரிஞ்சா அண்டைக்கே நிப்பாட்டுவன்."

இன்னொருவரிடமும் கேட்க வேண்டியிருந்தது. மறுநாள் காலை ஏழு மணிப் பாதையில் ஏறினேன். அவர் தன் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் தனியாக நின்றார். மற்ற ஆட்கள் கொஞ்சம் தள்ளித்தான் நின்றார்கள்.

"கேக்காம ஒருக்காக் கீறினன். இப்ப கேக்கன். இன்னும் பதினஞ்சு, இருபது தரம் கீறவா?"

"விசரா மிஸ் ஒங்களுக்கு?"

விளக்கிச் சொன்னேன். ஒரு கண்ணைச் சுருக்கிக் கேட்டார்.

"கள்ளனாயும் கீறுவீங்களா?"

"ஓம், ஒரு நாளைக்கு அதுவும் வரும். எல்லா நாளும் நல்லவனாக் கீறினா ஆரும் நம்பமாட்டாங்க."

பாதை அக்கரையைத் தொட்டதும் அவர் தலைக்கவசத்தை மாட்டினார். மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார். கிளப்பிவிட்டுத் திரும்பினார்.

"மீசையோட கீறுங்க. நான் வளக்கிறன்."

பதினேழு படங்கள் வரைந்தேன். ஆஸ்பத்திரி வரிசையில் இலக்கத் துண்டுடன் நின்றார். பஸ்ஸில் தொங்கினார். வெறும் சாக்குடன் நிற்கிற விவசாயியாகவும் அவரே வந்தார், அன்று மூடைகளுக்கு மேலே இருக்கவேண்டிய பெரியவரை இருத்தினேன். வாக்குக் கேட்டு வந்தவரும் அவர், கதவைச் சாத்தியவரும் அவர். ஒரு நாள் மாடு திருடினார். முதல் இரண்டு நாளும் "களஞ்சியக்காரர் திரும்பவும் வந்திட்டார்" என்று வட்ஸ்அப்பில் எழுதினார்கள். அந்தக் கிழமை முடியுமுன் "இண்டைக்கு இவர் எங்க நிக்கார்?" என்று கேட்கத் தொடங்கினார்கள். களுவாஞ்சிக்குடிச் சந்தையில் மரக்கறி விற்கிற பெண் என்னை மறித்து, "மிஸ், என்ட புருசன எங்க கண்ட நீங்க?" என்றாள். பிறகு ஒரு நாள் ஆசிரியர் சிரிப்பை அடக்கமாட்டாமல் எடுத்தார்.

"அக்கா, பனிச்சங்கேணியில இருந்து ஒராள் சண்டைக்கு வாறார். தன்னைத்தான் கீறுறீங்களாம். தான் ஆஸ்பத்திரிக்குப் போனத ஆரு சொன்ன எண்டு கேக்கார்."

அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது. முகம் இனி ஒருவருடையது இல்லை என்று நினைத்தேன்.

கூட்டம் முடிந்து மூன்றாம் நாள்தான் அவரைப் பாதையில் கண்டேன். மீசை பாதி வளர்ந்திருந்தது.

"என்ன நடந்த?"

"வைக்கல்ல மிஸ்."

பாதையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "ஒராள் எழும்பி முதல் படத்தக் காட்டினார். மத்தாள் அண்டையப் பேப்பரக் காட்டினார், அதில நான் பஸ்ஸில தொங்கிறன். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சிட்டன். கள்ளன் எண்டு ஒருத்தரும் சொல்லல்ல. ஆனா ஊரே பாத்துச் சிரிக்கிற ஆள்ட கையில எப்பிடித் திறப்பக் குடுக்கிற எண்டு ஒருத்தர் கேட்டார். மறுகா வேறாள வைச்சிட்டாங்க. அடுத்தமுறை பாப்பம் எண்டாங்க."

இது என் கணக்கிலேயே இருக்கவில்லை. களவுப் பட்டத்தைக் கழுவப் போய், மனிதரைக் கோமாளியாக்கிவிட்டேன். எங்களுக்குத் தெரிந்த மருந்து சிரிப்பு ஒன்றுதான், அதற்கும் ஒரு விலை இருக்கிறது என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. கண்ணீர் வந்தது, நான் மறைக்கவில்லை.

"அழாதீங்க மிஸ், ஆக்கள் பாக்காங்க" என்று கண்ணைத் துடைக்க லேஞ்சியை நீட்டினார்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். மீன் கூடையோடு நின்ற ஒரு பெண் கிட்ட வந்து அவருடைய முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"அண்ணன், நீங்க பேப்பர்ல வாற ஆள்தானே?"

"எந்த ஆள் தங்கச்சி?"

அவள் யோசித்தாள். "எல்லா நாளும் வாற ஆள். எங்கள மாதிரி."

அவர் மீன் கூடைக்கு இடம் கொடுத்து மோட்டார் சைக்கிளைத் தள்ளி வைத்தார். மற்றவர்களும் அவருக்குக் கிட்ட வந்துதான் நின்றார்கள்.

அதோடு அந்த முகத்தை நிறுத்தினேன். அதற்குப் பிறகு கொப்பியை விரிக்குமுன் எதிரில் இருப்பவரிடம் கேட்பேன். பாதிப்பேர் வேண்டாம் என்பார்கள். சிலர் "வெள்ளையாக் கீறுங்க" என்பார்கள். ஆம் என்றவர்கள் முகத்தைச் சரிசெய்துகொள்வது உண்மைதான், ஆனால் வாவியில் பாதித் தூரம் போவதற்குள் அதை மறந்துவிடுவார்கள். என் தத்துவம் அவ்வளவுதான் நின்றது.

மூன்று வருடம் கழித்து, நான் ஓய்வுபெற்ற பிறகு, அவர் மீண்டும் என் வீட்டுப் படலையில் நின்றார். "மிஸ், வைச்சிட்டாங்க" என்றார். திருவிழாவுக்கு வரச் சொன்னார். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போனேன். கோயில் வாசலில் வெற்று மேலோடு, இடுப்பில் சால்வை கட்டி, அதில் திறப்புக் கோர்வை தொங்க நின்றார். மீசை நரைத்திருந்தது, ஆனால் பழைய தடிப்பு. போகிறவர் வருகிறவர் எல்லாரும் வழி விலகி வணக்கம் சொன்னார்கள். என் பைக்குள் சீ.ஆர். கொப்பி இருந்தது. கையை அந்தப் பக்கம் கொண்டுபோகாமல் பார்த்துக்கொண்டேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"கொப்பி கொண்டந்த நீங்களா?"

"கொண்டந்தன். எடுக்கல்ல."

"எடுங்க மிஸ். கீறுங்க."

அத்தனை பேருக்கும் முன்னால் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கி நின்றார். கொப்பியை எடுத்து விரித்தேன். நான் மீசையில் தொடங்குவதைப் பார்த்துவிட்டு, விரலால் புருவத்தைத் தொட்டார்.

"தழும்பையும் போடுங்க."

போட்டேன்.